கவரோடு எடுத்த படம்: செர்டாங் மாவு மில்லுக்கு மூன்று நாள் பயணம்

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்ட ஒரு மாவு மில். அழகாக இருக்கிறது என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். இரண்டே நாளில் அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த அக்டோபரில் கெடாவுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் பதில் சொல்லும் தைரியம் வந்தது. வழக்கம்போல் நேரமும் கட்டணமும் தூரமும் தருகிறேன். ஆனால் இந்த முறை சுற்றிப் பார்த்த இடங்கள் குறைவு, மன்னிக்கவும்.

அந்த மில் என் அண்ணன் குணாவுடையது. கெடா மாநிலத்தின் தெற்கு மூலையில், பண்டார் பாருவிலிருந்து கூலிம் போகும் வழியில் செர்டாங் என்று ஓர் ஊர். அதைத் தாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் முனையில் நாலு கடை வரிசை இருக்கிறது. அதில் மூன்றாவது கடை. அரிசி, உளுந்து, மிளகாய் எல்லாம் அரைப்பார்கள். அண்ணனும் அண்ணி மங்கையும்தான் முதலாளி, அவர்களேதான் வேலையாள். நான் படம் போட்டதற்கு மறுநாள், விஜயதசமி காலையில், அந்த மில்லின் பெல்ட்டில் மாட்டி அண்ணியின் வலது கையில் ஆள்காட்டி விரல் முழுவதும் நடுவிரல் பாதியும் போய்விட்டன.

அன்றோடு மில் மூடியாயிற்று. அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டப் போய்விட்டார். போன மாதம் அண்ணி அழைத்தார். “அவரு மெஷின விக்கப் போறாரு கலா. ஆயுத பூஜ முடிஞ்ச திங்கக்கெழம புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து பழைய இரும்பு வாங்குற ஆளு வர்றான். எனக்கு அந்த மில்லு வேணும்லா. நான் கேட்டா மனுஷன் அழுவுறாரு. நீ வந்து கேளு.”

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அண்ணியிடம் நான் ஒரு வருடமாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து விடிகாலை உள்ளூர் ரயிலில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து காலை 8.05 விரைவு ரயில், பாரிட் புந்தாருக்கு 11.25க்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் 58 வெள்ளி (ரிங்கிட்). விடுமுறை வாரம் என்றால் இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். வண்டிக்குள் குளிர் எலும்பைத் துளைக்கும், சால்வை அவசியம். என் முழங்கால் பிரச்சினை தெரிந்தவர்களுக்கு: பாரிட் புந்தாரில் நான்காவது பெட்டி மின்தூக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ரயிலில் மூன்று மணி நேரமும் அந்த ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லில் மோட்டாரிலிருந்து மேலே சக்கரத்துக்கு ஒரு பெல்ட் ஓடும். அதை மூடி இரும்புக் கம்பியில் ஒரு கூடு, நாலு போல்ட். அங்கே எல்லாரும் அதைக் கவர் என்பார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அண்ணன் அதைக் கழற்றிக் கழுவி, காய வைத்து, பூஜைக்கு முன்பே மாட்டிவிடுவார். சென்ற ஆண்டு போல்ட் முடுக்குவதற்கு முன் எனக்குப் படம் அனுப்பினார், கவர் வைத்து ஒன்று, இல்லாமல் ஒன்று. நான் உடனே அழைத்தேன். “அண்ணே, அந்தக் கம்பிக்கூடு எல்லாத்தையும் மறைக்குது. சக்கரம் தெரிஞ்சாத்தான் அழகு. மாலைய சக்கரத்து மேலயே போட்டு எடுத்து அனுப்புங்க.” தங்கை கேட்டால் அண்ணன் மாட்டேன் என்பாரா? கவரை அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்துவிட்டார். பூஜைக்குப் போட்ட மாலையை மறுநாள் முதல் அரவை முடியும்வரை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனவே மறுநாள் காலை கவர் இல்லாமல், மாலையோடுதான் சுவிட்சைப் போட்டார். மாலையின் நுனி பெல்ட்டுக்குள் போனது. மஞ்சள் தட்டோடு பக்கத்தில் நின்ற அண்ணி, நல்ல நாளில் சாமி மாலை அறுந்து விழக்கூடாதே என்று கையை நீட்டிப் பிடித்துவிட்டார்.

மருத்துவமனையில் எல்லாரும் கேட்டார்கள், ஏன் கவர் இல்லை என்று. அண்ணன் “மறந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவேயில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பாரிட் புந்தார் பேராக்கில் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பண்டார் பாரு, கெடா. மாநிலம் மாறுவதற்குச் சில நிமிடம்தான். கைப்பேசியில் கார் அழைக்கும்போது ஒரு எச்சரிக்கை: வெறும் செர்டாங் என்று போட்டால் சிலாங்கூர் செர்டாங்கைக் காட்டும். கெடா என்று சேர்த்துப் போடுங்கள். எனக்கு 22 வெள்ளி ஆனது, இருபது நிமிடம். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பையன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன், வண்டி நகரவில்லை.

“அக்கா, பெல்ட் போடுங்க.”

“பின்னாலதானே தம்பி உக்காந்திருக்கேன்? பக்கத்துலதானே போறோம்?”

“பக்கம்தான்க்கா. போட்டாத்தான் நான் கியர் போடுவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருவரிடம் முடியாது என்று சொல்வது இவ்வளவு சுலபமா? போட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே வானொலியைத் திறந்தார்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். இடது கையால் என் பையை வாங்கினார். வலது கையை ஒளிக்கவில்லை, காட்டவுமில்லை. சோறு போட்டார், நெத்திலி சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் வேலை முடிந்து வந்துவிட்டார். பூஜைச் சாமான் வாங்க கூலிம் போகலாம், வா என்றார்.

கூலிம் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாற்பது நிமிடம், இரண்டு பக்கமும் செம்பனை. அண்ணனின் பழைய வேனில் குளிர்சாதனம் இல்லை. பாதி வழியில் சட்டென்று ஓரம் கட்டினார். சாலையோரம் ஒரு தொழிலாளி நீண்ட அலுமினியக் கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த மரத்துக்கு மேலே மின்கம்பி போனது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அண்ணன் இறங்கிப்போய்த் தள்ளி நின்று, “பாங்! ஆத்தாஸ் ஆடா வாயார்!” என்று கத்தினார். மேலே மின்கம்பி இருக்கிறது என்று மலாயில் சொன்னார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார், கழியை மெல்லச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்தார், கும்பிடுவதுபோல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அவர் நகரும்வரை அண்ணன் வேனை எடுக்கவில்லை.

“தெனமும் இப்பிடித்தானா?” என்றேன்.

“எங்கூட லாரில வர்றவனுங்க எனக்கு ‘சேப்டி மாமா’ன்னு பேரு வச்சிட்டானுங்க” என்றார். சிரித்தார். பிறகு கூலிம் வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார். நான் அந்த மில் பேச்சை எடுக்கவில்லை.

கூலிம் பாசாரில் நீர்ப்பூசணி, எலுமிச்சம்பழம், வாழைக்கன்று, பொரி, மாலை எல்லாம் கிடைத்தன. வெள்ளிக்கிழமை மாலையிலேயே போவது நல்லது, சனிக்கிழமை கூட்டம் தாங்காது. திரும்பும் வழியில் ஒரு ஒட்டுக்கடையில் பால் இல்லாத தே ஓ, சூடான கோரேங் பீசாங் என்கிற வாழைப்பழ பஜ்ஜி, இரண்டு பேருக்கும் 6 வெள்ளி. மழை பிடித்துக்கொண்டது. அக்டோபரில் இந்தப் பக்கம் மாலையில் மழை நிச்சயம், குடை எடுத்துப் போங்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணி மில்லின் கதவைத் தூக்கினார். ஒரு வருடத் தூசி. அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். “கழுவி வையுங்க. விக்கிற பொருள் சுத்தமா இருக்கட்டும்” என்று சொல்லி, வாசலோரப் பெட்டியில் மெயின் சுவிட்சை இறக்கி, அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாழைக்கன்று கட்டப் போய்விட்டார். நாங்கள் உள்ளே இருக்கும்போது தெரியாமல் யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாதாம்.

கவர் அதே அரிசி மூட்டை இடத்தில்தான் சாய்ந்து கிடந்தது. நாலு போல்ட்டும் சாமி மாடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில். அண்ணி பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து, கவரைச் சாய்த்து வைத்து இடது கையால் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

“அண்ணி, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு அண்ணன் மறக்கல. நான்தான் போன்ல கவரக் கழட்டச் சொன்னேன். படத்துக்காக.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். ஸ்பீக்கர்லதானே போட்டுப் பேசுனாரு. நான் இங்கதான் வாளிய கழுவிக்கிட்டு இருந்தேன்.”

என் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது.

“நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து மூணு மாசம் உன் போன எடுக்கல, ஞாபகம் இருக்கா? கை வலிக்குதுன்னு அவரு சொல்லியிருப்பாரு. கையும் வலிச்சுச்சுதான். ஆனா எடுக்காதது கோவத்துல.”

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?”

“நீ விடுறியா? ஒரு நாளைக்கு நாலு தடவ அடிச்சா மனுஷி என்னதான் பண்றது?” என்று சொல்லிச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே தண்ணீரை அவர் காலில் ஊற்றிவிட்டேன். “ஏய், கவர் மேல ஊத்துலா” என்றார்.

கழுவி முடித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். “நீ கேட்ட. அவரு கழட்டுனாரு. போன்ல கேட்டும் நான் ஒன்னும் சொல்லல, மறுநாள் நானே கைய வச்சேன். மூணு பேரு இருந்தோம் கலா. சுவிட்சு போடுறதுக்கு முன்னால ஒருத்தராச்சும் ‘கவர் எங்க’ன்னு கேட்டிருந்தா போதும். யாரும் கேக்கல. அன்னிலேர்ந்து அவரு தன்னையேதான் அடிச்சிக்கிறாரு. எனக்கு வெரலு போனதவிட அதுதான் தாங்க முடியல.”

மாலை ஆறு மணிக்குப் பூஜை. கவரை அண்ணியும் நானுமாக மாட்டினோம். ஸ்பானர் பிடிக்க எனக்குத் தெரியவில்லை, அண்ணி இடது கையால் முடுக்கிக் காட்டினார். நாலாவது போல்ட்டை அண்ணன் வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார், இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். சந்தனப் பொட்டு இந்த முறை கவரின் மேல்தான். மாலையைத் தொங்கவிடாமல் மேலே அரிசி கொட்டும் வாயில் சுற்றி வைத்தோம். பூசணியை நடுரோட்டில் உடைக்காமல் சாக்கடை ஓரமாக உடைத்து, அண்ணனே துடைப்பம் எடுத்துச் சில்லுகளைக் கூட்டி அள்ளினார். மோட்டார் சைக்கிள் வழுக்குமாம். பூசணி உடைக்கும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொரியும் சுண்டலும் சாப்பிடும்போது அண்ணனிடம் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, எம்பேர ஏன் சொல்லல? அண்ணிக்கிட்ட இன்னிக்கு நானே சொல்லிட்டேன். அவங்களுக்கு அன்னிக்கே தெரியுமாம்.”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுண்டலைப் பார்த்தார்.

“நீ கேட்ட, சரி” என்றார் அண்ணன். “நீ மெஷின் ஓட்டுறவளா? நான்தானே முப்பது வருஷமா ஓட்டுறேன். முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நான்தானே? அந்தச் சுவிட்சப் பாத்தாலே கை நடுங்குது கலா. வித்துட்டா நிம்மதி.”

“யாருக்கு நிம்மதி?” என்று கேட்டார் அண்ணி. “தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க இந்தத் தோட்டத்துச் சனம் எல்லாம் கூலிமுக்குப் போவுது. எனக்கு வேலைய விட்டா வேறென்ன இருக்கு? மாவு பதம் பாக்க எடது கைய பழக்கிட்டேன், தெரியுமா உங்களுக்கு? நாளைக்கி ஒரே ஒரு படி அரிசி. சுவிட்சு போடுறதுக்கு முன்னால ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் பாத்துச் சொல்லணும். கையி நடுங்குனா நடுங்கட்டும். அப்புறமும் விக்கணும்னா வித்துருங்க, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

அண்ணன் எழுந்துபோய் மில் கதவை இறக்கினார்.

ஞாயிறு, விஜயதசமி. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருந்தது. அண்ணன் குளித்து விபூதி பூசி உள்ளேதான் நின்றார், சுவிட்சுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அண்ணி கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். சுடிதார்த் துப்பட்டாவைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டார், என்னுடையதையும் பிடுங்கி மாட்டினார். மாலையை எடுத்துச் சுவரில் இருந்த அம்மன் படத்துக்குப் போட்டார். முதல் அரவைக்கு முன்பே எடுக்கிறீர்களே என்று கேட்டேன். “அவ ஒன்னும் கோவிச்சிக்க மாட்டா” என்றார். ஒரு படி பச்சரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் மேலே கொட்டியாயிற்று.

அண்ணன் தொண்டையைச் செருமினார். “கவர்?”

“போட்டாச்சு. நாலு போல்ட்டும் இருக்கு” என்றார் அண்ணி.

“பூ?”

“சாமி படத்துக்குப் போயாச்சு.”

சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. அவர் திரும்பினார். அடுத்த கேள்வியை முந்தைய நாள் யாரும் பேசி வைக்கவில்லை.

“கை?”

அண்ணி இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார், வலது கையையும் விரித்து. நானும் தூக்கினேன். அண்ணன் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் அதை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று பிறகு அண்ணி சொன்னார். சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது, கவருக்குள்ளே. மஞ்சள் வாசனையோடு மாவு இறங்கியது. அண்ணி இடது கையில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நைசா இல்ல. இன்னொரு வாட்டி போடுங்க.”

“மெஷின் நின்னதும் கொட்டு. ஓடுறப்ப கைய மேல கொண்டு போகாத” என்று அண்ணன் அதட்டினார், சுவிட்சை நிறுத்திவிட்டு. இரண்டாவது அரவைக்கும் மூன்று கேள்வி, மூன்று பதில். ஒன்பது மணிக்கு புக்கிட் மெர்தாஜாம் ஆளை அழைத்தார். “பாஸ், நாளைக்கி வராதீங்க. அந்த மெஷின் ஓடுது.” அவ்வளவுதான் பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பிற்பகல் 3 மணி ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினேன், கையில் அண்ணி அப்புறம் அரைத்துத் தந்த இரண்டு கிலோ முறுக்கு மாவோடு. மூன்று நாளைக்குப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு 170 வெள்ளிக்குள் முடிந்தது. உறவினர் வீடு இல்லாதவர்கள் பாரிட் புந்தாரில் தங்கலாம், எளிய அறைகள் கிடைக்கின்றன. மாலை ஐந்துக்குப் பிறகு செர்டாங்கில் கார் கிடைப்பது கஷ்டம், முன்பே பேசி வையுங்கள். தோட்டத்துக்குள் நடப்பதென்றால் குலை வெட்டும் இடத்துக்குப் பக்கம் போகாதீர்கள். குலையும் மட்டையும் விழுவது உங்களைப் பார்த்துவிட்டு விழாது. வெட்டுபவர் கைகாட்டிய பிறகு கடந்து போங்கள்.

இன்னொன்று, என்னைப் போலப் படமெடுக்கும் ஆட்களுக்கு. வேலை செய்யும் இடத்தில் யாரையும் எதையும் கழற்றச் சொல்லாதீர்கள். தொப்பி, கண்ணாடி, கையுறை, கவர், எதையும். விருந்தாளி கேட்டால் நம் ஆட்கள் மறுக்க மாட்டார்கள். மறுக்கத் தெரியாத அந்த அன்பை நான் தவறாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

கீழே இந்த ஆண்டுப் படம். சக்கரம் தெரியவில்லை, பெல்ட் தெரியவில்லை. கம்பிக்கூடும், அதில் நாலு போல்ட்டும், ஒவ்வொரு போல்ட்டின் மேலும் அண்ணி இடது கையால் வைத்த கோணலான குங்குமமும்தான் தெரிகின்றன. படம் அழகாக இல்லை. அப்படியே போட்டிருக்கிறேன்.